‘ரிட்டர்ன் எடுத்துக்கொள்ளுங்கள்’: பழைய போன், லேப்டாப் விற்பவர்களுக்கு அறிகுறிவாரியாக ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பார்சல் போய்ச் சேர்ந்த அன்றிரவோ மறுநாள் காலையோ வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: “சார், இது சரியில்லை. ரிட்டர்ன் எடுத்துக்கொள்ளுங்கள்.” எது சரியில்லை என்று அதில் இருக்காது. கூடவே மங்கலான ஒரு புகைப்படம் இருக்கும், அதிலும் ஒன்றும் தெரியாது.

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக ஆள் பார்த்து விற்று, கூரியரில் அனுப்புகிறவர்களுக்கு நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல ஒருவரும் இல்லை. கேட்பதும் முடிவெடுப்பதும் பணத்தைத் திருப்புவதும் நாமேதான். ரிட்டர்ன் கேட்பவர்களில் ஏமாற்றும் நோக்கத்தோடு வருபவர்கள் குறைவு என்பது என் கணிப்பு. விளம்பரத்தில் படித்தது ஒன்று, கையில் வந்தது வேறு என்று நினைத்துக் குழம்பியவர்களே அதிகம். அந்த வேறுபாடு பொருளில் இருக்கிறதா, விளம்பரத்தில் இருக்கிறதா, வழியில் நேர்ந்ததா, வாங்கியவரின் பயன்பாட்டில் இருக்கிறதா என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிரிப்பதற்கு அவர் சொல்லும் அறிகுறிதான் ஒரே பிடி.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

அன்றைக்கே பதில் போடுங்கள். “நான் அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்தது” என்பது முதல் வாக்கியமாக இருக்க வேண்டாம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்பவர் காதில் “நீதான் கெடுத்தாய்” என்று விழும், பிறகு அவர் சோதனை எதற்கும் ஒத்துழைக்க மாட்டார். “பார்த்துவிடலாம், ஒரு வீடியோ அனுப்புங்கள்” என்பது போதும்.

வீடியோவில் இரண்டு விஷயங்கள் ஒரே ஓட்டத்தில், வெட்டாமல் இருக்க வேண்டும்: குறை தெரிய வேண்டும், அது நம் பொருள்தான் என்பதும் தெரிய வேண்டும். போன் என்றால் *#06# அழுத்தினால் அந்த போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ திரையில் வரும். போன் உயிரோடு இல்லையென்றால் சிம் தட்டிலோ பின்புறத்திலோ அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், எல்லா மாடலிலும் அது இருக்காது. லேப்டாப் என்றால் அடிப்பக்கத்து சீரியல் எண். இதை ஒப்பிட, நாம் பேக் செய்யும்போது எடுத்த வீடியோ நம்மிடம் இருக்க வேண்டும். அது இல்லாமல் பழைய எலெக்ட்ரானிக்ஸை வெளியூருக்கு அனுப்புவது நல்லதில்லை.

“பக்கத்துக் கடையில் காட்டிப் பார்க்கிறேன்” என்பார்கள். நாம் பேசி முடிக்கும்வரை திறக்க வேண்டாம் என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்தபின் எந்தக் குறை யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

அறிகுறி: ஆன் ஆகவே இல்லை

பதறவைக்கும் புகார் இது. பெரும்பாலும் எளிதில் தீரும். பல நாள் அணைந்து கிடந்து, கூரியர் கிடங்குகளில் படுத்துவிட்டு வந்த பழைய பேட்டரி அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும். அந்த நிலையில் சார்ஜரைச் செருகினாலும் சில நிமிடங்களுக்குத் திரையில் ஒன்றும் வராது. வாங்கியவர் அதற்குள் போன் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார். கம்ப்யூட்டரின் யூஎஸ்பி துளையில் செருகாமல், சுவர் பிளக்கில் நல்ல சார்ஜரோடு அரை மணி நேரம் விடச் சொல்லுங்கள்.

அதன்பிறகும் வரவில்லையென்றால் வலுக்கட்டாய மறுதொடக்கம். ஐபோன் 8 முதல் பிந்தைய மாடல்களில் ஒலி கூட்டும் பட்டனை அழுத்தி விட்டு, குறைக்கும் பட்டனை அழுத்தி விட்டு, பக்கவாட்டுப் பட்டனை ஆப்பிள் சின்னம் வரும்வரை பிடிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போதும். லேப்டாப்பில் சார்ஜரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை அரை நிமிடம் பிடித்து, விட்டு, சார்ஜரைச் செருகி மறுபடி அழுத்தச் சொல்லுங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கருப்பு என்றால் இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் திரையின் பின்விளக்கு போயிருக்கிறது. டிவியில் எச்டிஎம்ஐ கேபிளை மாட்டிப் படம் வந்தால் மதர்போர்டு நலம், திரைப்பக்கம்தான் கோளாறு. இந்த இரண்டையும் வாங்கியவரே செய்துவிடலாம். மூடியைக் கழற்றி ரேமை எடுத்து மாட்டச் சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு. அது வேண்டாம். அவர் ஸ்குரூவைத் தொட்ட நிமிடமே பொறுப்பு இரண்டாகப் பிளந்துவிடும்.

எதற்கும் எழவில்லையா? பணத்தைத் திருப்புங்கள். நன்றாக ஓடுகிறது என்று விற்ற பொருள் ஓடவில்லை, இதில் பேச ஒன்றுமில்லை.

அறிகுறி: சார்ஜ் ஏறவில்லை, மிக மெதுவாக ஓடுகிறது

லேப்டாப் விஷயத்தில் இந்த இரண்டு புகாரும் ஒன்றாக வந்தால் முதலில் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். டெல் லேப்டாப்புகளின் உருளைமுனை சார்ஜரில் நடுவே மெல்லிய ஊசி ஒன்று இருக்கும். சார்ஜரின் வகையையும் திறனையும் அது வழியாகத்தான் லேப்டாப் அறிந்துகொள்கிறது. மலிவான மாற்றுச் சார்ஜரிலோ ஊசி வளைந்த சார்ஜரிலோ அந்த அடையாளம் கிடைக்காது. அப்போது சார்ஜர் வகை தெரியவில்லை என்று தொடக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை வரும், பேட்டரி ஏறாது, பிராசஸரும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கியவருக்கோ “லேப்டாப் மந்தம்” என்று மட்டுமே தெரியும். சரியான சார்ஜர் ஒன்றை அனுப்பினால் ரிட்டர்ன் தேவைப்படாது.

யூஎஸ்பி-சி லேப்டாப்புக்கு போன் சார்ஜரை மாட்டியிருப்பார்கள். 18 வாட் சார்ஜர், 45 அல்லது 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்குப் போதாது. போன் ஏறவில்லையென்றால் சார்ஜிங் துளையில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுத்தால் வந்துவிடும். ஊசி, குண்டூசி கூடாது.

அறிகுறி: பழைய கணக்கைக் கேட்கிறது

இது முழுக்க நம் பக்கத்துத் தவறு. ஐபோனா, ஆண்ட்ராய்டா என்பதைப் பொறுத்துத் தீர்வு தலைகீழாக மாறும்.

ஐபோனில் 2013-ல் ஐஓஎஸ் 7 வந்தபோதே ஆக்டிவேஷன் லாக் வந்துவிட்டது. முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு கழற்றப்படவில்லையென்றால் அது புதியவரை உள்ளே விடாது. நல்லவேளையாக இதைத் தொலைவிலிருந்தே விடுவிக்கலாம். ஐகிளவுட் இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, சாதனங்களைத் தேடும் பகுதியில் அந்த போனைத் தேர்ந்தெடுத்து, அழிக்கப்படாமல் இருந்தால் அழித்துவிட்டு, கணக்கிலிருந்து நீக்குங்கள். வாங்கியவர் போனை மறுதொடக்கம் செய்தால் வேலை முடிந்தது. கடவுச்சொல்லை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஆண்ட்ராய்டில் 5.1 பதிப்பிலிருந்து இருக்கும் கூகுள் பூட்டு வேறு மாதிரி. செட்டிங்ஸில் கணக்கை நீக்காமல், பட்டன்களை அழுத்தி வரும் ரிகவரி திரை வழியாக அழித்திருந்தால், முன்பு இருந்த கூகுள் கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ கேட்கும். தொலைவிலிருந்து சுத்தமாக விடுவிக்க நம்பகமான வழி கிடையாது. “கடவுச்சொல்லை மட்டும் அனுப்புங்கள், நான் போட்டுக்கொள்கிறேன்” என்பார் வாங்கியவர். உங்கள் அஞ்சல், புகைப்படங்கள், வங்கி அறிவிப்புகள் எல்லாம் அந்த ஒரு கணக்கில் இருக்கின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். போனின் பழைய திரைப்பூட்டு எண் நினைவிருந்து, போனும் அதைக் கேட்டால், அதைச் சொல்வதில் ஆபத்து குறைவு. இல்லையென்றால் நம் செலவில் வரவழைத்து, திறந்து, மறுபடி நம் செலவில் அனுப்புவதுதான் மரியாதை. யூடியூப் பார்த்துப் பூட்டை உடைத்துக்கொள்ளச் சொல்வது முறையில்லை.

நீங்களே அந்த போனை வேறொருவரிடம் வாங்கி விற்றிருந்தால் அவரைப் பிடிக்க வேண்டும். அவர் கிடைக்கவில்லையென்றால் அந்த போனின் மூலமே சந்தேகத்துக்குரியது. இதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

அறிகுறி: ஏதோ கம்பெனி பெயர் வருகிறது

அலுவலகங்கள் மொத்தமாகக் கழித்துப்போடும் லேப்டாப்புகள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகள் வழியாகச் சில்லறை விற்பனையாளர்களுக்கு வருகின்றன. நல்ல சரக்குதான். ஆனால் சிலவற்றை விற்ற நிறுவனம் தன் நிர்வாகப் பட்டியலிலிருந்து நீக்கியிருக்காது. நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்புகளை நிர்வகிக்கப் பயன்படுத்தும் விண்டோஸ் ஆட்டோபைலட்டில் பதிவான லேப்டாப்பை அழித்துப் புதிதாக நிறுவினாலும், இணையத்தோடு இணைந்ததும் “இந்த நிறுவனத்துக்கு நல்வரவு” என்று அலுவலக உள்நுழைவைக் கேட்கும். மேக்புக்கில் ரிமோட் மேனேஜ்மென்ட் என்று வரும். பதிவு வன்பொருளின் அடையாளத்தோடு கட்டப்பட்டிருப்பதால் ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. நீக்கும் உரிமை அந்த நிறுவனத்துக்கே உண்டு.

வாங்கியவர் இதைச் சொன்னால் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் இரண்டு பக்கக் கூரியர் செலவோடு திரும்ப எடுங்கள். இணையம் இல்லாமல் நிறுவினால் தாண்டிவிடலாம் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த குறுக்குவழி. அடுத்த முறை விண்டோஸை அழிக்கும் நாளில் அது மீண்டும் தலைதூக்கும், அன்றைக்கு உங்கள் எண் அவரிடம் இருக்கும். திரும்பி வந்ததைச் சரக்கு கொடுத்தவரிடம் சீரியல் எண்ணோடு அனுப்பி, நிறுவனத்திடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: பேட்டரி நிற்கவில்லை

ரிட்டர்ன் கோரிக்கைகளில் சண்டை அதிகம் வருவது இதில்தான். காரணம், “பேட்டரி நன்றாக உள்ளது” என்று விளம்பரத்தில் எழுதும் வழக்கம். நன்றாக என்றால் எவ்வளவு? விற்பவருக்கு மாலைவரை வந்தால் நன்று, வாங்கியவர் புதுப் போனை மனத்தில் வைத்திருப்பார். இந்த ஒரு சொல்லைக் கைவிட்டு எண்ணைப் போட்டாலே வழக்குகள் பாதியாகக் குறையும்.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். போன் கைக்கு வந்த முதல் ஒன்றிரண்டு நாட்களில் புகைப்படங்கள் இறங்கும், செயலிகள் நிறுவப்படும், பின்னணியில் அட்டவணை தயாராகும், மென்பொருள் புதுப்பிக்கப்படும். அந்த நாட்களில் எந்த போனும் சூடாகும், பேட்டரியும் இறங்கும். இரண்டு நாள் பயன்படுத்திவிட்டுப் பேட்டரிப் பயன்பாட்டுத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். திரை எத்தனை மணி நேரம் எரிந்தது, எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று அதிலேயே இருக்கும். ஏழு மணி நேரம் திரை எரிந்து நூறு சதவீதம் தீர்ந்திருந்தால் அது குறையாகாது. அதை அன்பாகவே சொல்லலாம். தவிர்க்கப்பார்க்கிறார் என்று அவர் நினைக்காதபடி, இரண்டு நாள் கழித்தும் ரிட்டர்ன் வாய்ப்பு இருக்கும் என்று எழுத்தில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

ஐபோனில் 2018-ல் வந்த 11.3 பதிப்பிலிருந்து பேட்டரி ஆரோக்கியம் சதவீதமாகத் தெரிகிறது. ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி முழுச் சுழற்சி 500 கடந்தபின் 80 சதவீதம் வைத்திருக்கும்படியும், 15 வரிசையிலிருந்து 1000 சுழற்சி கடந்தபின் அதே அளவு வைத்திருக்கும்படியும் வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. உகந்த சூழலில் கிடைக்கும் கணக்கு அது, நம்மூர் மே மாதத்து வெயிலில் பைக் தாங்கியில் மாட்டிக்கொண்டு ஓடும் போனுக்குப் பொருந்தாது. விளம்பரத்தில் 86 என்று போட்டிருந்து, அவர் கையில் 85 காட்டினால் அது இயல்பு. 86 என்று போட்டு 78 காட்டினால் அது வேறு போன், அல்லது வேறு பேட்டரி, அல்லது பழைய ஸ்கிரீன்ஷாட். மூன்றில் எதுவானாலும் விளக்கம் சொல்ல வேண்டியது நாம்.

சதவீதம் 100 என்று காட்டும் பழைய போனையும் சந்தேகத்தோடு பாருங்கள். பேட்டரி மாற்றியிருக்கலாம். ஐபோன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல், ஆப்பிள் வழியில் மாற்றாத பேட்டரிக்கு அடையாளம் தெரியாத உதிரி என்ற செய்தி வரும். ஐபோன் 11 முதல் திரைக்கும் அப்படியே. விற்கும்முன் செட்டிங்ஸில் இருக்கும் ‘அபௌட்’ பக்கத்தைத் திறந்து பார்த்தாயா என்று வாங்கியவர் நம்மைக் கேட்கும் நிலைமை வரக் கூடாது. மாற்றுப் பேட்டரி போட்டிருப்பதைச் சொல்லி விற்றால் வாங்க ஆள் இருக்கிறது. சொல்லாமல் விற்றது தெரிந்தால் அது திரும்பி வரும், திரும்பி வருவதும் நியாயம்.

லேப்டாப்பில் விண்டோஸே பேட்டரி அறிக்கை எடுத்துத் தரும். அதில் இரண்டு வரிகள் முக்கியம்: டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி. 50,000 மில்லிவாட்-மணி என்று வடிவமைத்தது இப்போது 31,000 என்றால் மீதி 62 சதவீதம். விற்கும்போது இந்த அறிக்கையை அனுப்பிவிட்டு, “சார்ஜர் இல்லாமல் யூடியூப் ஓடினால் தோராயமாக இரண்டு மணி நேரம்” என்று எழுதிவிடுங்கள். பிறகு புகார் வந்தால் அதே அறிக்கையை அவர் எடுத்து அனுப்பட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யார் சொல்வது சரி என்று இருவருக்குமே தெரியும்.

பேட்டரி உப்பியிருக்கிறது என்று சொன்னால் மேலே உள்ள எதுவும் பொருந்தாது. கடைசியில் பார்ப்போம்.

அறிகுறி: சொன்ன ஜிபி இல்லை

“256 ஜிபி என்றீர்கள், 238 தான் காட்டுகிறது.” தயாரிப்பாளர்கள் ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள், விண்டோஸ் 1024-ன் மடங்குகளில் கணக்கிடுகிறது. அதனால் 256 என்பது 238 ஆகவும், 512 என்பது 477 அளவிலும், ஒரு டிபி என்பது 931 ஆகவும் தெரியும். இதை விளக்கும் இரண்டு வரியை எழுதி வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். வாதம் வேண்டாம்.

128 ஜிபி என்று சொன்ன போனில் 64 காட்டினால் அது உண்மையான குறை. திரும்ப எடுங்கள்.

அறிகுறி: சிம் எடுக்கவில்லை, பேச முடியவில்லை

வெளிநாட்டிலிருந்து வந்த போன்களின் தனிப் பிரச்சினை இது. அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-லிருந்து சிம் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். வாங்கியவர் சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு துளையைத் தேடிக்கொண்டிருப்பார். இங்கே ஜியோ, ஏர்டெல், விஐ மூன்றும் இ-சிம் தருகின்றன, மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். ஆனால் அமெரிக்க மாடல் என்று விளம்பரத்தில் இல்லையென்றால், மாற்றிக்கொள்ளும்படி கட்டாயப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

சிம் எடுக்கிறது, இணையம் வருகிறது, பேச்சு மட்டும் வரவில்லை, அதுவும் ஜியோவில் மட்டும் என்றால் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகக் குரல் அழைப்பு போகும் வசதியில் சிக்கல். ஜியோவுக்கு 2ஜியும் 3ஜியும் இல்லை, குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போக வேண்டும். வேறு நாட்டுச் சந்தைக்கென்று வந்த சில பழைய போன்களில் அந்த வசதி இங்குள்ள வலையமைப்போடு இணங்காது. அப்படியே, ஜியோவின் 5ஜி, 4ஜியின் துணையின்றித் தனித்து இயங்கும் வகையைச் சேர்ந்தது. ஆரம்பகால 5ஜி போன்கள் சிலவற்றில் அது வராது. ஒரு ஏர்டெல் சிம்மையும் ஒரு ஜியோ சிம்மையும் கடையில் வைத்துக்கொண்டு, அனுப்பும்முன் இரண்டிலும் ஓர் அழைப்புப் போட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

வேறு நாட்டு நிறுவனத்தின் சிம் தவிர வேறெதையும் ஏற்காத பூட்டு என்றால், அதைத் திறப்பது அந்த நிறுவனத்தின் கையில். பணத்தைத் திருப்புங்கள்.

அறிகுறி: போன் முடக்கப்பட்டுள்ளது, போலீஸிலிருந்து அழைப்பு

விளையாட்டல்ல. தொலைந்த, திருடுபோன போனை உரியவர் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சிஇஐஆர் என்ற ஐஎம்இஐ பதிவேடு வழியாக முடக்கிவிட்டால் அது இந்தியாவின் எந்த வலையமைப்பிலும் இயங்காது. யாராவது சிம் போட்டால் தடயம் கிடைக்கும். முடக்கப்பட்ட போனை விற்றவராக நீங்கள் நிற்பீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்கி வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ம் பிரிவில் குற்றம்.

வாங்கியவரிடம் பணத்தை உடனே திருப்பித் தாருங்கள். அவர் போனை உங்களுக்குக் கூரியரில் அனுப்புவதற்குமுன், அழைத்த காவல் நிலையத்தில் பேசி அவர்கள் சொல்கிறபடி ஒப்படைக்கட்டும். நீங்கள் அதை யாரிடம் வாங்கினீர்கள் என்பதற்கான ரசீது, அடையாள அட்டை நகல், பணம் அனுப்பிய பதிவு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அவை இல்லையென்றால் இனிமேல் வாங்கும்போதாவது இருக்கட்டும். வாங்கும்முன் சோதிப்பது எளிது: கேஒய்எம் (KYM) என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் நிலவரம் வரும். கறுப்புப் பட்டியல், இரட்டை எண், ஏற்கெனவே பயன்பாட்டில் என்று ஏதாவது வந்தால் தொடாதீர்கள்.

அறிகுறி: உடைந்து வந்தது

பெட்டியைத் தூக்கி எறியும்முன் அதைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்: ஆறு பக்கமும், மேலே ஒட்டிய கூரியர் சீட்டும், உள்ளே வைத்த குமிழி உறையும். பெட்டி மூலை நசுங்கி, அதே மூலையில் திரை வெடித்திருந்தால் வழியில் நடந்தது. பெட்டியில் சுருக்கம்கூட இல்லை, திரையில் மட்டும் சிலந்தி வலைபோல் விரிசல் என்றால் பேக்கிங் வீடியோவையும் பிரிக்கும் வீடியோவையும் பார்க்க வேண்டியிருக்கும். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள் என்று அனுப்பும்போதே கேட்டிருக்க வேண்டும். லேப்டாப் திரையில் மை கொட்டியதுபோல் கருப்புத் திட்டு என்றால் அழுத்தம் பட்டிருக்கிறது, கனமான பார்சல் மேலே கிடந்திருக்கலாம்.

வழியில் உடைந்தது என்றால் வாங்கியவருக்கும் கூரியருக்கும் இடையே சண்டை மூட்டிவிடாதீர்கள். கூரியரை அமர்த்தியது நாம், நஷ்ட ஈடு கேட்க வேண்டியதும் நாம். புகாரை அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், நாள் கடந்தால் ஏற்க மாட்டார்கள். காப்பீடு இல்லாமல் அனுப்பியிருந்தால் கிடைக்கும் தொகை மனத்தை ஆற்றவும் போதாது. வாங்கியவருக்கு அது தெரிய வேண்டியதில்லை, அவர் பணம் அவருக்குப் போக வேண்டும்.

அறிகுறி: குறை ஒன்றுமில்லை, வேண்டாம்

வேறிடத்தில் மலிவாகக் கிடைத்திருக்கும். மனைவிக்கு நிறம் பிடித்திருக்காது. அல்லது கணவருக்கு. சொன்னது சொன்னபடி இருந்தால் திரும்ப எடுக்க வேண்டும் என்று சட்டம் நம்மைக் கட்டவில்லை. எடுத்தால் அது நம் கொள்கை. நான் எடுப்பேன்: கூரியர் செலவு அவருடையது, பொருள் வந்து பார்த்தபின் பணம், ஏழு நாளுக்குள் மட்டும். இந்த மூன்றையும் விளம்பரத்திலேயே எழுதிவிடுகிறேன்.

ஆனால் குறையுள்ள பொருளுக்கு “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று ரசீதில் அச்சடித்துக்கொண்டு தப்ப முடியாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பதை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்த பொருளையும் ஏற்க மறுக்கக் கூடாது என்று விற்பனையாளருக்குச் சொல்கின்றன. வீட்டில் கிடந்த பழைய போனை ஒருமுறை விற்கும் தனிமனிதருக்கு அந்த மின்வணிக விதிகள் பொருந்தாது. மாதாமாதம் விற்பவர் “நான் தனிநபர்தான்” என்று சொல்லிக்கொள்வது எடுபடாது.

இன்னொன்று: புதிய சட்டப்படி வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய்வரை கட்டணமும் இல்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய் போனுக்காக நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்கு நடையாய் நடக்க நேர்ந்தால் பயணச் செலவே போன் விலையைத் தாண்டும்.

அறிகுறி: “கொஞ்சம் பணம் திருப்பிக் கொடுங்கள், வைத்துக்கொள்கிறேன்”

உண்மையான சிறு குறைக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை. ஸ்பீக்கர் கரகரக்கிறது, மாற்ற எண்ணூறு ரூபாய் ஆகும் என்றால் எண்ணூறு ரூபாயை அனுப்பிவிடுங்கள். இரண்டு பக்கக் கூரியரும் மறுவிற்பனை அலைச்சலும் அதைவிட அதிகம். கணக்கு எப்போதும் பழுதுச் செலவை ஒட்டி இருக்கட்டும். “ஒரு மூவாயிரம் குறையுங்கள்” என்று குறையைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொல்பவருக்கு, “முழுப் பணமும் தருகிறேன், பொருளை அனுப்புங்கள்” என்பதே பதில். குறை உண்மையாக இருந்தால் அனுப்புவார். பேரம் மட்டுமே நோக்கமென்றால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

பொருள் திரும்பும்போது

அவர் பேக் செய்யும்முன் ஒன்றை உறுதி செய்யுங்கள்: இரண்டு நாளில் அவரும் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கைப் போட்டிருப்பார். அதை நீக்கிவிட்டு, அழித்துவிட்டு, வரவேற்புத் திரை வருவதை வீடியோ எடுத்து அனுப்பட்டும். இதை மறந்தால் பூட்டிய போன் நம் கைக்கு வரும், பணம் வாங்கியபின் அவர் தொலைபேசியை எடுக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

வந்த பார்சலை வெட்டாத வீடியோவில் பிரித்து, ஐஎம்இஐ, சீரியல், திரை, கேமரா, நாம் ஸ்குரூமேல் ஒட்டியிருந்த சிறு ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பாருங்கள். லேப்டாப்பில் ரேம், எஸ்எஸ்டி அளவையும் சேர்த்து. போனின் சிம் துளைக்குள் இருக்கும் ஈரம் காட்டும் பட்டை அனுப்பும்போது வெள்ளையாக இருந்து இப்போது சிவந்திருந்தால், தண்ணீர் அவரிடம்தான் பட்டிருக்கிறது. வேறு பொருள் வந்திருந்தால் அதைத் தொடாமல் வைத்து, வீடியோவை அவருக்கு அனுப்பி விளக்கம் கேளுங்கள்.

பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கே போக வேண்டும். “இது என் தம்பி எண், இதற்கு அனுப்புங்கள்” என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். திருட்டுப் பணத்தை உங்களிடம் பொருள் வாங்குவதுபோல் செலுத்தி, வேறு கணக்குக்கு ரீஃபண்ட் கேட்பது மோசடிக்காரர்களின் பழக்கம். பணத்தை இழந்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்ததும் தடம் உங்கள் கணக்குக்கு வரும், கணக்கு முடங்கும், அப்போது தம்பியும் இருக்க மாட்டார். “தவறுதலாக இருமுறை அனுப்பிவிட்டேன்” என்ற ஸ்கிரீன்ஷாட்டையும் எஸ்எம்எஸ்ஸையும் நம்பாமல் வங்கிச் செயலியில் இருப்பைப் பாருங்கள். பணம் பெற யூபிஐ பின் எண் தேவையே இல்லை. அதைக் கேட்கும் எந்த க்யூஆர் குறியும் உங்களிடமிருந்து பணம் எடுக்கவே வருகிறது. ஜிஎஸ்டி பதிவு இருந்தால், பொருள் திரும்பியதைக் கணக்கில் காட்டும் கிரெடிட் நோட்டை அதே நாளில் போட்டுவிடுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் பொருளைத் திரும்பக் கேட்காதீர்கள். பழுதான லித்தியம் பேட்டரியை விமானத்தில் அனுப்பத் தடை உண்டு, லாரியில் போனாலும் நசுங்கினால் தீப்பிடிக்கும். சார்ஜ் போடாமல், அழுத்தாமல், ஓட்டை போடாமல், எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, உள்ளூரில் அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் காட்டச் சொல்லுங்கள். பேட்டரி மாற்றும் செலவை நீங்கள் ஏற்கலாம். பொருளே வேண்டாம் என்றால் முழுப் பணத்தையும் திருப்பிவிட்டு, மையத்தில் பேட்டரியை எடுத்தபின் மீதியை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.